புண்ணாக்குக்கு எக்ஸ்ரே

விழுப்புரத்தில் எனக்குப் புண்ணாக்கு சார் என்று பெயர். அப்பா அம்மா வைத்தது நடராசன். அதற்குப் பின்னால் எம்.எஸ்ஸி. போட்டுக்கொள்ள எனக்கு உரிமையும் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனால் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே அப்பாதுரை என் பெயரை மாற்றிவிட்டார்.

அது 1962ஆம் வருஷம். சென்னையில் இருந்த என் பேராசிரியர் புரதங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்கிறவர். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலைப் பருப்பில் இருக்கும் முக்கியமான புரதத்தைப் பிரித்துச் சுத்தமாக்கி அவருக்குக் கொடுப்பது என் வேலை. மல்லாட்டை விளைகிற ஊர், ஐஸ் ஃபாக்டரி இருக்கிற ஊர், சென்னைக்கு நேர் ரயில் ஓடுகிற ஊர் என்று மூன்றையும் பார்த்து, விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய நெல் கிடங்கில் பாதியைத் தடுத்து எனக்கு ஆராய்ச்சி அறை ஏற்பாடு செய்திருந்தார். மறுபாதியில் நெல் இருந்தது. எலிகள் இரண்டு பாதியையும் பாரபட்சம் இல்லாமல் நடத்தின.

அப்பாதுரை அந்த அறையின் அட்டெண்டர். நாற்பத்தைந்து வயது, வேட்டி மேல் காக்கிச் சட்டை, எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரியே தலையாட்டுவார். முதல் நாள் அவரை உட்காரவைத்து விளக்கினேன். மல்லாட்டையில் எண்ணெயை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற மாவில்தான் புரதம் இருக்கிறது. அதைப் பிரித்து, கற்கண்டு வளர்ப்பதுபோலப் படிகமாக வளர்க்க வேண்டும். படிகத்துக்குள் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தினால் பிலிமில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு, புரதத்துக்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அப்பாதுரை முழுதும் தலையாட்டினார். சாயங்காலம் டீக்கடையில் அவர் சொன்னது என் காதுக்கே வந்தது.

"நம்ம சார் புண்ணாக்குக்கு எக்ஸ்ரே எடுக்கப் போறாரு. எங்க எலும்பு முறிஞ்சிகினு கீதுன்னு பாக்கறாங்களாம்."

அறையில் இன்னொருவர் வீரம்மாள். ஐம்பது வயதிருக்கும். கோலியனூரில் வேறொருவர் எருமையைப் பாலில் பாதிப் பங்கு என்று வாரத்துக்கு வளர்த்து, விடிகாலையில் தயிர்ச் சட்டிகளைத் தலையில் சுமந்து நடந்து வந்து ஸ்டேஷன் தெருவில் விற்பார். எட்டு மணிக்குக் காலிச் சட்டிகளை எங்கள் வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவார். அந்தத் தயிரைச் சட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர் என்று தெருவே சொல்லும். எனக்குத் தயிரில் அக்கறை இல்லை. பாத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்பதில்தான் அக்கறை.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் போன மாவை உப்புத் தண்ணீரில் கலக்கி வடிகட்டுவேன். வடிகட்டியதில் அமோனியம் சல்பேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுவேன். வயலுக்குப் போடுகிற அதே சல்பேட்தான், கொஞ்சம் சுத்தமானது. புரதம் பால் திரிவதுபோலத் திரிந்து அடியில் இறங்கும். அதைத் திரும்பக் கரைத்து, செலோஃபேன் குழாயில் ஊற்றி இரண்டு முனையையும் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால், உப்பு வெளியே போய்விடும், புரதம் உள்ளே தங்கிவிடும். இப்படி மூன்று தடவை. கடைசியில் மறுபடி கொஞ்சம் சல்பேட் சேர்த்து, ஆறு பீக்கரில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, பத்து நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

திரிந்து நின்றதை முதல் தடவை பார்த்தபோது, இதுவும் உறைகிற சமாச்சாரம்தானா என்று வீரம்மாள் கேட்டார். அப்பாதுரைக்கு விளக்கி நான் பட்ட பாடு போதும் என்று இருந்தது. ஆமாம், தயிர் மாதிரிதான், நன்றாக உறைய வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். வீரம்மாள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தயிர் என்றால் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா.

ஆறு மாதம் ஒன்றும் உறையவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள், வாய் ஓரம் உடைந்த ஒரு பீக்கரின் அடியில் மினுமினுவென்று ஏதோ தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னப் படிகங்கள், ஒவ்வொன்றுக்கும் கூர்மையான விளிம்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எலிகள் தவிர யாரும் பார்க்கவில்லை.

அடுத்த தடவையும் அதே பீக்கரில் வந்தது. அதற்கடுத்த தடவையும் அதிலேதான். மற்ற ஐந்தும் வெறும் தண்ணீராகவே நின்றன. விஞ்ஞானி என்றால் காரணம் கண்டுபிடிக்க வேண்டுமே. கண்டுபிடித்தேன். அந்த பீக்கர் ஐஸ் பெட்டியின் தென்மேற்கு மூலையில் இருந்தது, அங்கே குளிர் மெதுவாக இறங்குகிறது. அதை மட்டும் நான் இடமிருந்து வலமாகக் கலக்கியிருந்தேன். சல்பேட் போடும்போது என் கையில் இயற்கையாகவே ஒரு நிதானம் இருந்தது. இவ்வளவையும் பேராசிரியருக்கு நான்கு பக்கம் எழுதினேன். நான்கு பக்கத்திலும் வீரம்மாள் பெயர் இல்லை.

கடிதத்தோடு, கையில் இருந்த படிகங்களையெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்துப் பார்சலில் அனுப்பினேன். பார்சல் எட்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. மூடி கசிந்து, படிகம் காய்ந்து பொடியாகியிருந்தது. பேராசிரியரின் பதில் ஒரே பக்கம்.

'நீ அனுப்பிய பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. இதற்கு முன் மூன்று பேர் எனக்கு அமோனியம் சல்பேட்டைப் புரதம் என்று அனுப்பியிருக்கிறார்கள். நீ நான்காவது ஆளாக இருக்க வேண்டாம். பிப்ரவரி பதினெட்டு முதல் ஒரு வாரம் எக்ஸ்ரே மெஷின் உனக்கு. புதிய படிகத்தை அதன் நீரோடு கையில் எடுத்துக்கொண்டு வா. புரதம்தான் என்று அது நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் மார்ச்சில் அந்த அறையை மூடிவிடலாம்.'

வல்லத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு இது தெரிந்ததும் சந்தோஷப்பட்டார். திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். நூறு கிலோ மல்லாட்டையில் எண்ணெய் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று தினமும் எழுதி வைக்கும் வேலை. அங்கே போனால் என் பட்டப்பெயர் ஆயுளுக்கும் நிலைத்துவிடும்.

அன்று முதல் எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்தது. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, எல்லாப் பாத்திரங்களையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஐந்து பீக்கர் பளபளத்தன. ஓரம் உடைந்ததன் அடியில் மட்டும் வெள்ளையாக ஒரு படலம்.

"இது என்ன? கழுவலியா நீ?" என்றேன்.

"அதுல மட்டும் கொஞ்சம் வெச்சிக்கினு வர்றேன் சார். சுத்தமா கழுவிட்டா மறுக்கா எப்படி உறையும்?"

முதல் பாதியிலேயே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டாவது பாதி காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. என் படிகம் வந்த ஒரே பீக்கரையே அழுக்காக வைத்திருந்திருக்கிறாள் என்று மட்டும்தான் தோன்றியது. அப்பாதுரை பார்த்துக்கொண்டிருக்க, பாத்திரம் கழுவத் தெரியாத கை இனிமேல் என் அறையில் எதையும் தொட வேண்டாம் என்று சொன்னேன். என் அம்மா வயதுப் பெண்ணை 'நீ' போட்டுச் சொன்னேன். வீரம்மாள் தேங்காய் நாரைக் கழுவி, பிழிந்து, ஓரமாக வைத்தார். வாசலில் கவிழ்த்திருந்த சட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஸ்டேஷன் தெருவுக்குத் தயிரும் வரவில்லை. எருமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக அப்பாதுரை விசாரித்துக்கொண்டு வந்தார்.

ஆறு பீக்கரையும் நானே ஆசிட் ஊற்றிக் கழுவினேன். ஆறும் வைரமாக மின்னின. பத்து நாள் கழித்துப் பார்த்தேன். ஆறிலும் தெளிந்த தண்ணீர்.

தென்மேற்கு மூலையில் ஆறையும் நெருக்கி அடுக்கினேன். வரவில்லை. இடமிருந்து வலமாகக் கலக்கினேன், வலமிருந்து இடமாகக் கலக்கினேன். ஐப்பசியில் போட்டிருந்த சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கலக்கினேன். இதை எந்தக் கட்டுரையிலும் நான் எழுதவில்லை. இரும்பை கோயிலுக்குப் போய் மாகாளேஸ்வரரைக் கும்பிட்டால் நல்லது என்றார் அப்பாதுரை. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கலாம் என்று கிளம்பினேன், பஸ் அந்தப் பக்கம் போனது, தேங்காயும் கையில் இருந்தது.

பிப்ரவரி நான்காம் தேதி. மூன்றாவது தடவையும் தண்ணீர். மத்தியானம் அப்பாதுரை தூக்குவாளியைத் திறந்து சோற்றில் எதையோ ஊற்றினார். அது வாளியிலிருந்து மழைத்தண்ணீர் மாதிரி ஓடியது.

"தயிருன்னு சொல்றா சார் வூட்ல. வீரம்மா போனதுலேர்ந்து ஒரே பேஜாரு. சட்டியில உறைக்குக் கொஞ்சம் வைன்னா, நல்லா தேச்சிக் கழுவிட்டு வந்து நிக்கறா. தெருவுல நாலு வூட்ல போய் உறை கேட்டுக்கினு அலையறா."

என் கையில் இருந்த சோற்று உருண்டை கையிலேயே நின்றது. சுத்தமா கழுவிட்டா மறுக்கா எப்படி உறையும். ஒரு மாதம் என் மண்டைக்கு வெளியே நின்றுகொண்டிருந்த வாக்கியம் அப்போதுதான் உள்ளே வந்தது. கரைசலில் ஏற்கெனவே ஒரு பொடிப் படிகம் கிடந்தால், அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை வளரும். புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். நான் தயிர் மாதிரி என்று சொன்னேன், வீரம்மாள் அதை நம்பித் தயிருக்குச் செய்வதைச் செய்தார். சொன்ன நான்தான் என் வார்த்தையை நம்பவில்லை. அந்தப் படலத்தை என் கையாலேயே ஆசிட் விட்டுத் தேய்த்து ஊற்றிவிட்டேன். ஒரு பொட்டு மிச்சம் இல்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பாதுரையிடம் இடம் விசாரித்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் திண்டிவனம் போனேன். மல்லாட்டை மண்டி ஒன்றின் முற்றத்தில், முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் வீரம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். முறம் நிற்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படிகம் வரவில்லை என்றும், தேதி பதினெட்டு என்றும், அறையை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னேன். தூசியில் மூன்று தடவை தும்மினேன்.

"ஆறையும் கழுவிட்டீங்களா? ஒரு பொட்டு வெக்காம?" என்றார்.

"ஆசிட் போட்டுக் கழுவிட்டேன்."

"நல்லாத்தான் கழுவத் தெரிஞ்சிருக்குது உங்களுக்கு."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்று இருக்க வேண்டியதுதான். வீரம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"உறையை யாரு சார் ஒரே சட்டியில வெச்சிக்கினு இருப்பா? பூனை உருட்டிட்டா இன்னா பண்றது? இன்னொண்ணுலயும் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். உங்க ரூம்லதான் கீது."

எங்கே என்று கேட்டேன். வீரம்மாள் உடனே சொல்லிவிடவில்லை.

"கழுவத் தெரியாதவன்னு அப்பாதுரை எதிர்ல சொன்னீங்க. அந்த ஆளு வாயி உங்களுக்குத் தெரியும். கோலியனூர் வரைக்கும் போய்ட்டுது. அவரு எதிர்லயே வந்து திருப்பிச் சொல்லுங்க. அப்பறம் காட்றேன்."

பஸ்ஸில் விழுப்புரம் வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாதுரை வாசலில் நின்றிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தாமலே, "வீரம்மாளுக்கு நல்லா பாத்திரம் கழுவத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோங்க" என்றேன். சொல்லி முடித்ததும், இவ்வளவு நாள் கழுத்தில் மாட்டியிருந்த எதையோ கழற்றி வைத்ததுபோல இருந்தது. அப்பாதுரை வழக்கம்போல் தலையாட்டினார். இது டீக்கடைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். வீரம்மாளுக்கும் தெரியும், அதனால்தான் அவர் முகத்தில் திருப்தி இருந்தது.

குடிதண்ணீர்ப் பானை ஈர மணல் மேல் உட்கார்ந்திருந்தது. வீரம்மாள் பானையை நகர்த்தி, மணலைக் கையால் கிளறி, மை தீர்ந்த ஒரு பழைய மசிக்கூட்டை எடுத்தார். மூடியைத் திருகி மோந்து பார்த்து, கெடவில்லை என்றார். அத்தனை சல்பேட் உப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது, அதனால் கெடவில்லை. அடியில் கருத்த வண்டலாகக் கொஞ்சம் கிடந்தது, மண் கலந்திருக்கும் என்று நினைத்தேன். லென்ஸில் பார்த்தேன். கூர்மையான விளிம்புகள்.

அன்றிரவுக்குள் மிச்சம் இருந்த புரதத்தையெல்லாம் கரைத்து ஆறு பீக்கரில் ஊற்றினேன். நான் சொட்டுக் குழாயை எடுத்து, பீக்கருக்கு அரை ஸ்பூன் வண்டல் விடப் போனேன். வீரம்மாள் என் கையைப் பிடித்துத் தடுத்தார். நிறையப் போனால் புளித்துவிடும் என்றார். இங்கே புளிப்பு இல்லைதான். ஆனால் நிறையப் போட்டால் ஆயிரக்கணக்கில் பொடிப் படிகம் வரும், ஒன்றும் பெரிதாக வளராது. அதையும் நான் படித்திருக்கிறேன். ஒரு தென்னை ஈர்க்கின் நுனியால் மட்டும் தொட்டு, ஒவ்வொரு பீக்கரிலும் ஒரு சொட்டு வைத்தார்.

பதினாறாம் தேதி காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். ஆறிலும் படிகம். கடுகளவு இருந்தன, ஒன்றிரண்டு எள்ளை எட்டிப்பிடித்தன. ஒரே ஒரு குறை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, படிகங்கள் எல்லாம் நீலமாக இருந்தன.

இளநீலம்கூட இல்லை, பள்ளிக்கூட மசி நீலம். மசிக்கூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வண்டலுக்கு அடியில், மூலைகளில், காய்ந்த மசி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கூட்டைக் கழுவலியா?" என்றேன்.

"கழுவத் தெரியும்னுதான சார் சொன்னீங்க. கழுவினியான்னு யாரும் கேக்கலியே."

அப்பாதுரை எதிரில் மன்னிப்புக் கேட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மறுபடி திட்ட வழியில்லை. புதிதாக வளர்க்க நேரமும் இல்லை. பதினேழாம் தேதி, இருப்பதில் நல்ல பீக்கரை உமியும் ஐஸும் போட்ட வாளியில் இறக்கி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு சென்னை ரயிலில் ஏறினேன். திண்டிவனத்தில் வண்டி நின்றபோது எண்ணெய் ஆலையின் புகைபோக்கி ஜன்னலில் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் ஒரு படிகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சின்னப் புட்டியில் நீலச் சாயம் தயாராக இருந்தது.

"நான் செய்ய வைத்திருந்த சோதனையை நீயே செய்துகொண்டு வந்துவிட்டாய்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். உப்புப் படிகத்தில் அணுக்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கி அடுக்கியிருக்கும், சாயம் உள்ளே நுழைய முடியாது. புரதப் படிகத்துக்குள் நிறையத் தண்ணீர் இடைவெளி உண்டு, சாயம் உள்ளே போய்த் தங்கிவிடும். சுற்றி இருக்கும் நீர் தெளிவாக இருந்து படிகம் மட்டும் நீலமாக இருந்தால், அது உப்பு இல்லை, புரதம்தான். நான்காவது ஆள் தப்பித்துவிட்டான் என்று சொல்லி, முதல் தடவையாக என் தோளைத் தட்டினார். சாயங்காலம் பிலிமைக் கழுவி எடுத்தபோது புள்ளிகள் விழுந்திருந்தன. அதிகம் இல்லை, மங்கலாகத்தான் இருந்தன. ஆனால் வரிசை தப்பாமல் இருந்தன. அறையை மூட வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் நடக்கட்டும் என்றார்.

பிறகு பேனாவைத் திறந்து, எந்தச் சாயம், எவ்வளவு, யாருடைய யோசனை என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். 'என்னுடையதுதான் சார்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தென்மேற்கு மூலை, இடமிருந்து வலம், கையின் நிதானம் எல்லாம் வரிசையாகப் பின்னால் வந்து நின்றன. ஊற்றிவிட்ட அந்த வெள்ளைப் படலமும் ஞாபகம் வந்தது. மசி சார், வீரம்மாள் வைத்தது என்றேன்.

"யார் அது? உன் அறையில் பாத்திரம் கழுவுகிறவரா?"

"இல்லை சார். கழுவாமல் வைக்கிறவர்."

பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், நன்றி சொல்லும் பட்டியலில் அந்தப் பெயரை முதலில் எழுதிக்கொண்டார்.